உங்கள் ஊர் ஏரிக்கரை பத்திரமாக இருக்கிறதா? ஆய்வு முதல் பழுதுபார்ப்பு வரை

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. அந்த மழையில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சிறிய மண்கரை உடையவில்லை. ஆனால் மதகை ஒட்டிச் சேறு கலந்த தண்ணீர் கசிந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி அலைந்தபோதுதான் தெரிந்தது: எந்த அலுவலகத்துக்குப் போவது, என்ன தாள் எடுத்துப் போவது, மனுவில் எதை எழுதுவது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. "இது எங்கள் ஏரி இல்லை" என்ற பதிலை ஒன்றுக்கு மேற்பட்ட மேசைகளில் கேட்டோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கு, தடுப்பணைக்கு, கசிவுநீர்க் குட்டைக்குக் கீழே நிலமோ வீடோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக நிலம் வாங்கிக் குடிவந்தவர்களும் ஊர்ப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களும் அவசியம் படியுங்கள்.

1. கரை எந்தத் துறையுடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதை முடிக்காமல் மனு எழுத உட்காராதீர்கள். பொது விதி இது: ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு, மேல் இருந்தால் அந்த ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊரில் இன்னும் "பி.டபிள்யூ.டி. ஏரி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2021இலேயே நீர்வளத்துறை தனித் துறையாகிவிட்டது. மனுவில் பொதுப்பணித்துறை என்று எழுதினால் அது கட்டடப் பிரிவுக்குப் போய்த் தூங்கும்.

தடுப்பணைகளிலும் சிறு குட்டைகளிலும்தான் குழப்பம் அதிகம். சிலவற்றை வேளாண்மைப் பொறியியல் துறை கட்டியிருக்கும், சிலவற்றை ஊரக வளர்ச்சித் துறை கட்டியிருக்கும். காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை. கட்டிய துறை ஒன்று, இப்போது பராமரிக்க வேண்டிய துறை வேறொன்று என்பதும் உண்டு. கரையில் கல்வெட்டுப் பலகை இருந்தால் படம் எடுங்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை மேற்கோள் காட்டி மனு எழுதும் ஆர்வம் பலருக்கு வருகிறது. அந்தச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் இருந்து கரை நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளில் ஒன்றுக்குப் பொருந்தும் அணைகளுக்கும் உரியது. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வராது. "சட்டம் பொருந்தாது" என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிட நீங்களே வழி செய்து கொடுக்காதீர்கள்.

2. சேர்க்க வேண்டிய தாள்கள்

அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்துச் செலவில்லாமல் எடுக்கலாம். அ-பதிவேட்டில் "ஏரி", "ஓடை", "வாய்க்கால்" என்று எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கரை ஒரு சர்வே எண்ணிலும், நீர்ப்பரப்பு வேறு எண்ணிலும், உபரிநீர் ஓடும் வாய்க்கால் மூன்றாவது எண்ணிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடத்தை எங்கே வாங்கலாம் என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள்.

இவற்றைவிட முக்கியமான தாள் ஒன்று உண்டு, அதுதான் ஏரியின் மெமாயர். நீர்ப்பிடிப்புப் பரப்பு, ஆயக்கட்டு, கரை நீளம், கோடியின் (ஏரி நிறைந்ததும் உபரிநீர் வழிந்து வெளியேறும் இடம்) நீளம், முழுக் கொள்ளளவு மட்டம், பெருவெள்ள மட்டம், கரை உச்சி மட்டம் ஆகியவை அதில் இருக்கும். கரை முன்பு எவ்வளவு உயரம் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. வாய்மொழியாகக் கேட்டால் கிடைப்பது கடினம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆறாவது பகுதியில் முறையைச் சொல்கிறேன்.

3. கரையை நடந்து பாருங்கள்

குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரி வற்றியிருக்கும்போது உள்சரிவும் மதகின் அடிப்பாகமும் தெரியும். ஏரி நிறைந்திருக்கும்போதுதான் கசிவு தெரியும். நம் மாவட்டங்களில் தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியிலும் நல்ல மழை உண்டு என்பதால், அக்டோபர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தனியாகப் போக வேண்டாம். ஒரு கோல், அளவு நாடா, நோட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டில், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஆகியவை போதும். ஏரியின் மதகைத் திறந்து மூடும் பெரியவர் யாராவது இருந்தால் கூட அழைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் எந்த இடத்தில் மூட்டை அடுக்கினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில் உயரம். மண்கரை உடைவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலேறி வழிவது. கல்லணை மேலே வழிந்தாலும் ஓரளவு தாங்கும், மண்கரையை வழியும் தண்ணீர் அறுத்துவிடும். அதனால் கரையின் சராசரி உயரம் எவ்வளவு என்பது பொருட்டல்ல, மிகத் தாழ்ந்த இடம் எது என்பதுதான் கேள்வி. தண்ணீர்க் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையைக் கோடியின் மேல்மட்டத்தில் ஒருவர் பிடிக்க, மறுமுனையைக் கரையில் மற்றவர் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் நீர் அசையாமல் நின்றதும், கோடி மேல்மட்டத்திலிருந்தும் கரை உச்சியிலிருந்தும் நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தனித்தனியே அளந்து கழித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கரையில் ஒரு முளைக்குச்சி அடித்து மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து அடுத்த குச்சிக்கு என்று கரை முழுவதும் கொண்டுபோகலாம். டிராக்டர் ஏறி இறங்கும் இடம், மாடு தண்ணீருக்கு இறங்கும் தடம், மதகுக்கு நேர் மேலே மண் அமுங்கிய இடம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். எங்கள் கரையில் பார்வைக்குச் சமமாகத் தெரிந்த வண்டித்தடத்தில்தான் இந்த அளவு மிகக் குறைவாக வந்தது.

அடுத்தது கசிவு. வெளிச்சரிவின் அடிவாரத்தை ஒட்டி மெதுவாக நடங்கள். கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள். மண்கரையில் சிறிது கசிவு இயல்பு. தெளிந்த நீர் அளவு மாறாமல் கசிந்தால் குறித்து வைத்துக் கண்காணியுங்கள். பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால், தண்ணீர் கரையின் உள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கரைக்குள் புழை விழத் தொடங்கிவிட்டது. அன்றே தகவல் சொல்ல வேண்டிய நிலை இது. ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்றும் குறியுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் விரைவாக நிறைந்தால் கசிவு கூடுகிறது.

மதகைத் தனியாகப் பாருங்கள். கதவை இறக்கிய பிறகும் மதகின் உள்வழியே தண்ணீர் வந்தால் கதவிலோ உள்கட்டுமானத்திலோ பழுது. கட்டுமானத்துக்கு வெளியே, மண்ணும் கல்லும் சேரும் இடத்தில் வந்தால் அது மிகவும் ஆபத்தானது. மனுவில் இந்த இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

வெடிப்புகளில், கரையின் நீளவாக்கில் போவது ஒரு வகை, குறுக்கே ஓடுவது இன்னொரு வகை. குறுக்கு வெடிப்பு ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போக நேர்வழி என்பதால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். நீளவாக்கு வெடிப்பு பிறைபோல் வளைந்து, அதன் கீழ்ப்பக்கம் சற்று இறங்கியிருந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது. மெல்லிய குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். மேலாக மண் அள்ளிப்போட்டு மூடிவிடாதீர்கள். வெடிப்பு மறையுமே தவிரப் போகாது, பொறியாளர் வரும்போது காட்டவும் எதுவும் இருக்காது.

எலி, பெருச்சாளி, நண்டு வளைகளை எண்ணி, இடம் குறியுங்கள். கறையான் புற்றும் கரைக்குக் கேடுதான். புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுவது நம் ஊர்களில் வழக்கம் என்பதால் அதை நீங்களாக இடிக்கப் போய் ஊர்ச் சண்டையை வரவழைக்க வேண்டாம். பெரியவர்களிடம் பேசுங்கள், பொறியாளருக்குக் காட்டுங்கள். சீமைக் கருவேலமும் அப்படித்தான். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மட்கிய பிறகு அந்த இடம் குழாய்போல் ஆகிவிடும். வேரோடு எடுத்து, குழியில் நல்ல மண்ணை இடித்து நிரப்ப வேண்டும். அதை மழைக்கு முந்திய வாரத்தில் செய்யக் கூடாது. அரசு நிலத்து மரத்தை அனுமதியின்றித் தொடவும் கூடாது.

கடைசியாகக் கோடி. ஏரி கோடி போகும்போது மீன் தப்பிவிடக் கூடாது என்று குத்தகைக்காரர்கள் வலையோ மூங்கில் தட்டியோ கட்டுவதுண்டு. வெள்ளத்தில் வரும் செடியும் குப்பையும் அதில் அடைத்துக்கொண்டால் கோடி பாதி வேலைதான் செய்யும். கூடுதலாகத் தண்ணீர் நிறுத்த ஆசைப்பட்டுக் கோடியின் மேல் மண் மூட்டை அடுக்குவது அதைவிட மோசம். ஒரு முழம் தண்ணீருக்காகக் கரையின் பாதுகாப்பு உயரத்தில் ஒரு முழத்தைக் கொடுத்துவிடுகிறோம். கோடிக்குக் கீழே போகும் வாய்க்கால் அடுத்த ஏரி வரை திறந்திருக்கிறதா என்றும் நடந்து பாருங்கள். நம் ஏரிகள் ஒன்றின் உபரி அடுத்ததற்கு என்று தொடராக அமைந்தவை. மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் உங்கள் கரை மேல்தான் வந்து மோதும். ஆகவே மேல் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. மனு எழுதுதல்

ஒரு மனுவில் ஒரே விஷயம். கரைக் கசிவு, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, மீன் குத்தகை மூன்றையும் ஒன்றாக எழுதினால் எது எளிதோ அதற்கு மட்டும் பதில் வரும்.

"ஏரியைத் தூர்வாரித் தர வேண்டும்" என்று எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழக்கத்தில் எல்லோர் கையும் அதையே எழுதும். தூர்வாருவதால் கொள்ளளவு கூடலாம், கரை வலுப்படாது. கரையடியில் தோண்டினால் இருந்த வலுவும் போகும். நீங்கள் கேட்பது கரைப் பாதுகாப்பு என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். இப்படி எழுதலாம்:

"... வட்டம், ... உள்வட்டம், ... கிராமம், சர்வே எண் ... இல் உள்ள ஏரியின் மண்கரையில், மதகிலிருந்து கிழக்கே 40 மீட்டரில், வெளிச்சரிவின் அடியில் ... தேதி முதல் கலங்கிய நீர் கசிகிறது. ஒரு லிட்டர் நிறைய ... விநாடி ஆகிறது. கரையின் தாழ்ந்த இடம் கோடி மட்டத்திலிருந்து ... சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்துள்ளது. கரைக்குக் கீழே ... வீடுகள், பள்ளி, சாலை உள்ளன. பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, ஆய்வறிக்கையின் நகலை எங்களுக்கு வழங்கி, பருவமழைக்கு முன் பழுதுபார்க்க மதிப்பீடு தயாரிக்க வேண்டுகிறோம்."

தேதியிட்ட புகைப்படங்களை அச்சிட்டு இணையுங்கள். படத்தில் கோலோ அளவு நாடாவோ தெரியட்டும். ஆயக்கட்டு விவசாயிகளோடு கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் கையெழுத்தும் வேண்டும். நிலம் இல்லாதவர்களின் வீடுதான் பெரும்பாலும் தாழ்வில் இருக்கிறது, அவர்களை விட்டுவிட்டு மனு கொடுப்பது நியாயமும் இல்லை.

5. எங்கே, எப்போது கொடுப்பது

நீர்வளத்துறை ஏரி என்றால் உதவிப் பொறியாளருக்கு அசல், உதவி செயற்பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் நகல். ஒன்றிய ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அசல், ஒன்றியப் பொறியாளருக்கு நகல். அத்துடன் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். இரண்டாவதில் துறை அதிகாரிகள் நேரில் இருப்பார்கள், பொறியாளரின் பதிலை எல்லோர் முன்னிலையிலும் கேட்கலாம். என் அனுபவத்தில் அதுவே கூடுதல் பலன் தந்தது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது இந்தக் கூட்டங்கள் நடக்காது, அப்போது விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முதல்வரின் உதவி மையத்தை 1100 எண்ணில் அழைத்தும் பதியலாம்.

ஊராட்சி ஒன்றிய ஏரிக்குக் கிராம சபைத் தீர்மானம் பெரிய துணை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இவற்றில் மார்ச் 22, மே 1 கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். ஆகஸ்ட் 15இல் தீர்மானம் போட்டால் அந்த ஆண்டு மழைக்கு முன் வேலை நடப்பது அரிது. மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை), ஆக்கிரமிப்பு குறித்த மனுவுக்கு ஏற்ற இடம். நீர்வளத்துறை ஏரிகளின் ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும், பிற அரசு நிலங்களுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் இருக்கின்றன.

6. பதில் வராவிட்டால்

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதில் தர 30 நாள். வராவிட்டால் அல்லது போதாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

"எங்கள் ஏரி இல்லை" என்ற சுவரை உடைப்பதும் இந்தச் சட்டம்தான். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் விண்ணப்பத்தை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும் என்பது பிரிவு 6(3). ஏன் என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த சர்வே எண்ணில் உள்ள ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பெயர், மெமாயர் நகல், கடைசியாகக் கரையை ஆய்வு செய்த அறிக்கையின் நகல், கடைசி ஐந்து ஆண்டுகளில் கரைக்குச் செய்த செலவின் விவரமும் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) நகலும்.

7. வேலை நடக்கும்போது

மதிப்பீடு தயாரிப்பது அலுவலகத்தின் வேலை. அதற்காக யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. மனு கொடுத்த நிதியாண்டிலேயே பணம் ஒதுக்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவசரச் சிறு வேலைகள் முதலில் நடக்கலாம், முழுச் சீரமைப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகலாம். மதிப்பீட்டில் உங்கள் கரை ஏறிவிட்டதா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பொக்லைன் வந்ததும் பாருங்கள். பழைய சரிவில் புல்லையும் வேரையும் அகற்றி, படிபோல் வெட்டி, அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய பிறகே அடுத்த அடுக்குப் போட வேண்டும். லோடு லோடாகக் கொட்டி மேலே தட்டிவிட்டுப் போனால் முதல் மழையில் கரைந்துவிடும். ஏரி வண்டலை அப்படியே கரையில் போடவும் கூடாது. வண்டல் வயலுக்கு நல்லது, கரைக்கு ஆகாது. 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க முடிகிறது. அப்படி எடுக்கும்போதும் கரையடியை விட்டு உள்ளே தள்ளித்தான் தோண்ட வேண்டும். அடிவாரத்தில் குழி விழுந்தால் அன்றே படமெடுத்துப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வேலையைப் பார்வையிடவும், சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் அதைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் வெளிச்சரிவில் அருகம்புல் பதிக்கச் சொல்லுங்கள்.

8. மழையில் கரை மோசமானால்

முதலில் கீழே இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள், பிறகுதான் கரை. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. ஏரியின் பெயர், கிராமம், வட்டம், மதகிலிருந்து எந்தப் பக்கம், கீழே எந்தக் குடியிருப்புகள் என்பதை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி ஊரில் நான்கைந்து பேரிடம் கொடுத்து வையுங்கள். இருட்டில், மழையில், பதற்றத்தில் இதைச் சரியாகச் சொல்ல முடியாது.

கலங்கிய நீர் வரும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். அடைத்தால் வேறிடத்தில் வெடிக்கும். அதைச் சுற்றி மண் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீர்மட்டம் உயரவிட்டால், வேகம் குறைந்து தெளிந்து வரும். வாயின் மேல் மணல், அதன்மேல் சிறுஜல்லி, அதன்மேல் பெருஜல்லி என்று போட்டால் மண் நின்று நீர் மட்டும் வெளியேறும். மூட்டையில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் மண் நிரப்புங்கள், நிறையத் திணித்தால் ஒன்றோடொன்று படிந்து உட்காராது. கரைமேல் டிராக்டரையோ வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையோ விடாதீர்கள். நனைந்து தளர்ந்த சரிவில் யாரும் நிற்க வேண்டாம். தண்ணீரை வடிக்கக் கரையை வெட்டுவதா, கோடியைத் தாழ்த்துவதா என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். ஊரில் நாலு பேர் கூடி வெட்டினால் அடுத்த ஊர் முழுகும்.

மழை விட்டதும் கசிந்த இடங்களிலெல்லாம் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, மதகிலிருந்து எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். நீர்மட்டம் இறங்கிச் சில வாரங்களில் அந்த இடம் காய்ந்து மற்ற மண்ணைப்போல் ஆகிவிடும். பொறியாளர் ஆய்வுக்கு வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.